ஒயின் பட்டியல் உங்கள் கைக்கு வந்தால்...

அலுவலக விருந்து. மேசையில் எட்டுப் பேர். அவர்களில் இருவர் வாடிக்கையாளர்கள். பணியாளர் கனமான ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து மேலாளரிடம் நீட்டுகிறார். அவர் சிரித்துக்கொண்டே அதை உங்கள் பக்கம் தள்ளிவிடுகிறார். திறந்தால் பக்கம் பக்கமாகப் பிரெஞ்சுப் பெயர்கள், ஆண்டுகள், விலைகள். மேசை சட்டென்று அமைதியாகிவிடுகிறது.

இந்த நேரத்தில் நம்மில் பலர் செய்வது இரண்டில் ஒன்று. மலிவானதைத் தொட்டால் கஞ்சன் என்பார்களோ என்று அதற்கு அடுத்த வரியில் விரலை வைப்பது. அல்லது கேள்விப்பட்ட ஒரே பெயரைச் சொல்லிவிட்டு, பில் வரும்வரை வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. இரண்டுமே தேர்வு அல்ல, தப்பித்தல்.

ஒயின் பட்டியல் என்பது பொது அறிவுத் தேர்வு இல்லை. மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் போதும். என்ன சாப்பிடப் போகிறோம்? எத்தனை பேர் அருந்துவார்கள்? எவ்வளவு செலவு செய்யலாம்? புட்டியின் பெயர் நான்காவதாகத்தான் வரும். அதையும் நீங்கள் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

நம் சாப்பாட்டுக்கு ஒத்துவராதா?

ஜாலான் புசார் என்றால் மலாயில் ‘பெரிய சாலை’. 1923ல் நியூ வோர்ல்ட் கேளிக்கைப் பூங்கா திறந்த காலத்திலிருந்தே மக்கள் மாலையில் கூடும் வட்டாரம் இது. இன்று இரும்புச் சாமான் கடைகளுக்கும் விளக்குக் கடைகளுக்கும் இடையே, பழைய கடைவீடுகளில் காப்பிக் கடைகளும் சிறிய உணவகங்களும் வந்துவிட்டன. ரேஸ் கோர்ஸ் சாலையின் மீன்தலைக் கறியும் நுரைக்கும் ஒயினும் இப்போது நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கின்றன.

ஆனாலும் “நம்ம காரத்துக்கு ஒயின் ஒத்துவராது” என்ற பேச்சு ஓயவில்லை. அதற்கு மேசையிலேயே பதில் சொன்னவர்களில் ஒருவர் பினாங்கில் பிறந்த சமையற்கலைஞர் மனோ தேவர். 2018ல் கியோங் சாய்க் சாலையில் அவர் தொடங்கிய ‘தேவர்’ உணவகம் 2021ல் ஒரு மிஷலின் நட்சத்திரத்தையும் 2022ல் இரண்டாவதையும் பெற்றது. தமிழ் வீட்டு மசாலாவின் வாசமுள்ள தட்டுகளும் ஒயினும் அங்கே ஒரே மேசையில் வருகின்றன.

தொடர்பும் இன்று நேற்று வந்ததல்ல. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945ல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த இரு கைப்பிடி ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. ஒயினும் எண்ணெயும் அனுப்பப் பயன்பட்ட ஜாடிகள் அவை. யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பற்றிப் புறநானூற்றின் 56வது பாடல் பேசுகிறது.

முதலில் பணம்

வெட்கப்படாமல் பேச வேண்டிய விஷயம் இது. சிங்கப்பூரில் ஒயினுக்குத் தீர்வை, அதிலுள்ள ஆல்கஹாலின் ஒவ்வொரு லிட்டருக்கும் 88 வெள்ளி. 750 மில்லிலிட்டர் புட்டியில் 12 விழுக்காடு ஆல்கஹால் என்றால் 90 மில்லிலிட்டர். அதற்குத் தீர்வை மட்டும் 7 வெள்ளி 92 காசு. பத்து வெள்ளி ஒயினுக்கும் ஆயிரம் வெள்ளி ஒயினுக்கும் இதே தொகைதான். எனவே, மிக மலிவான புட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி திராட்சைக்குப் போவதில்லை.

அடுத்தது, விலைக்குப் பக்கத்தில் நிற்கும் அந்த இரண்டு கூட்டல் குறிகள். பட்டியலில் 120 வெள்ளி என்றிருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ந்து 132 ஆகும். அதன்மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்து 143 வெள்ளி 88 காசு ஆகும். மனத்தில் கணக்குப் போடச் சுலபமான வழி: பட்டியல் விலையோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

‘மலிவானதற்கு அடுத்த புட்டியில்தான் உணவகம் அதிக லாபம் வைக்கும்’ என்று பலர் நம்புகிறார்கள். டேவிட் டி மேசா, விக்ரம் பதானியா என்ற இரு பொருளியலாளர்கள் லண்டனின் சுமார் 250 உணவகங்களின் பட்டியல்களை எடுத்து இதைச் சோதித்தார்கள். அந்த நம்பிக்கை பொய்யானது. விழுக்காட்டுக் கணக்கில் லாபம் அதிகமாக இருந்தது நடுத்தர விலைப் புட்டிகளில். கீழ்க்கோடியிலும் மேல்கோடியிலும் குறைவு. ஆகவே, மலிவானதற்கு அடுத்ததைத் தொட்டால் ஏமாந்துவிட்டோம் என்று பொருளில்லை. ‘நடுவில் இருந்தால் நியாயமாக இருக்கும்’ என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

விருந்தினர் முன்னால் “எண்பது வெள்ளிக்குள் சொல்லுங்கள்” என்று கேட்கக் கூச்சமாக இருந்தால், ஒயின் துறையில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சைகை இருக்கிறது. பட்டியலைப் பணியாளர் பக்கம் திருப்பி, உங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையின்மேல் விரலை வைத்து, “இதுமாதிரி ஒன்று பார்க்கிறேன்” என்று சொல்லுங்கள். நீங்கள் ஒயினின் பாணியைச் சொல்வதாக மேசை நினைக்கும். நீங்கள் விலையைச் சொல்கிறீர்கள் என்று அவருக்குப் புரியும்.

பெரிய உணவகங்களில் இதற்கென்றே ‘சொமெல்யே’ என்ற ஒயின் நிபுணர் இருப்பார். அவரிடம் கேட்பது தெரியாமையின் அடையாளம் இல்லை. மருத்துவரிடம் போய், “எனக்கு என்ன நோய் என்று நானே கண்டுபிடிக்கிறேன்” என்று யாரும் உட்காருவதில்லையே!

உச்சரிப்புப் பயமும் வேண்டாம். வானொலியில் உச்சரிப்பை வைத்துப் பிழைக்கும் எனக்கே பிரெஞ்சுப் பெயர்கள் நாக்கில் சிக்கும். ஷா சென்டரில் 1994ல் தொடங்கி, 2019ல் மூன்று மிஷலின் நட்சத்திரம் பெற்ற புகழ்பெற்ற பிரெஞ்சு உணவகத்தின் பெயரை எழுத்தைக் கூட்டிப் படித்தால் ‘லெஸ் அமிஸ்’. சொல்ல வேண்டியதோ ‘லே ஸாமி’. பெயர் வராவிட்டால் வரியைக் காட்டுங்கள்.

நிலவறையில் எதைத் தேடுவது?

நல்ல உணவகத்தின் ஒயின் நிலவறையில் நீங்கள் பணம் கொடுப்பது திராட்சைச் சாற்றுக்கு மட்டுமல்ல, காலத்துக்கும் குளிர்ச்சிக்கும் சேர்த்துத்தான். வெளியே 31 டிகிரி வெயில். உள்ளே 12, 13 டிகிரியில் வெளிச்சம் படாமல் ஒரு புட்டி பல ஆண்டுகள் படுத்திருக்கிறது. நம் வீவக வீட்டுச் சமையலறை அலமாரியில் அதே புட்டி ஓராண்டு தாக்குப்பிடித்தாலே பெரிது.

எனவே, பேரங்காடியில் கிடைக்கும் அதே நியூசிலாந்து புட்டியை இரண்டு மூன்று மடங்கு விலை கொடுத்து உணவகத்தில் வாங்குவதில் அர்த்தமில்லை. அங்கே மட்டும் கிடைப்பதைக் கேளுங்கள். சில ஆண்டுகள் முதிர்ந்த ரீஸ்லிங், லுவார் பள்ளத்தாக்கின் ஷெனின் பிளாங், சிறு விவசாயக் குடும்பம் தன் சொந்தத் தோட்டத்தில் விளைவித்துச் செய்த ஷாம்பெய்ன் ஆகியவை அந்த வகை. ஷாம்பெய்ன் லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் ‘ஆர்எம்’ என்றிருந்தால் விளைவித்தவரே தயாரித்தது. ‘என்எம்’ என்றால் பல தோட்டங்களின் திராட்சையை வாங்கித் தயாரிக்கும் நிறுவனம். விளம்பரங்களில் நாம் பார்க்கும் பெரிய பெயர்களில் பெரும்பாலானவை இரண்டாவது வகை.

ஆண்டைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை: பழையது எல்லாம் உயர்ந்ததல்ல. சோவின்யோன் பிளாங், அல்பரீன்யோ, புரோசெக்கோ போன்றவை இளமையில்தான் அழகு. அவற்றில் புதிய ஆண்டையே கேளுங்கள்.

நுரைப்பதில் நான்கு படிகள்

நுரைக்கும் ஒயின் எல்லாமே ஷாம்பெய்ன் அல்ல. பிரான்சின் வடகிழக்கே ஷாம்பெய்ன் வட்டாரத்தில் விளைந்து, புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்ததற்கு மட்டும்தான் அந்தப் பெயர். விற்பனைக்கு வருமுன் குறைந்தது 15 மாதங்கள், ஆண்டு குறிப்பிட்ட வகை என்றால் 3 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். புட்டிக்குள் அழுத்தம், காரின் டயரில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ரொட்டி வாசமும் மெல்லிய குமிழியும் அந்தக் காத்திருப்பில் வருபவை.

அதே முறையில் பிரான்சின் பிற வட்டாரங்களில் செய்வது ‘க்ரெமான்’. ஸ்பெயினில் செய்வது ‘காவா’. விலை பெரும்பாலும் ஷாம்பெய்னைவிட நன்றாகவே குறையும், செய்முறை ஒன்றுதான். இத்தாலியின் ‘புரோசெக்கோ’ பெரும்பாலும் புட்டியில் அல்லாமல் பெரிய தொட்டியில் நொதிக்கிறது. ரொட்டி வாசம் குறைவு, பேரிக்காய், ஆப்பிள் வாசம் அதிகம். எட்டுப் பேர் கோப்பை உயர்த்தி வாழ்த்துச் சொல்வதற்கு மட்டும் என்றால் க்ரெமானே தாராளம். சுவைத்துப் பேச நேரமிருக்கும் இருவருக்கு என்றால் ஷாம்பெய்னுக்குச் செலவிடலாம்.

லேபிளில் ஒரு பொறி இருக்கிறது. ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்று போட்டிருந்தால் இனிப்பே இருக்காது என்று நினைப்போம். உண்மையில் அது ‘புரூட்’ வகையைவிட இனிப்பானது. புரூட்டில் லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவான சர்க்கரை. எக்ஸ்ட்ரா டிரையில் 12 முதல் 17 கிராம் வரை. ‘டெமி செக்’ என்றால் 32 முதல் 50 கிராம், அதாவது குலாப் ஜாமூன் வரும் நேரத்துக்கு உரியது.

நுரைக்கு நம் சமையலில் சரியான ஜோடி, பொரித்த பண்டம். மெதுவடை, வெங்காய பஜ்ஜி, முறுக்கு, பொரித்த நெத்திலி எதுவானாலும் சரி. புளிப்பும் குமிழியும் நாக்கில் படிந்த எண்ணெயைத் துடைத்துவிடும். புரூட் ஷாம்பெய்னோடு சுடச்சுட உளுந்து வடை சாப்பிட்டுப் பாருங்கள். கடுங்காரக் குழம்போடு மட்டும் வேண்டாம். குமிழியின் குத்தலும் மிளகாயின் எரிச்சலும் சேர்ந்து கண்ணீரை வரவழைக்கும்.

காரத்துக்கு எந்த வெள்ளை?

மிளகாயின் காரத்தை நாக்குக்கு உணர்த்தும் அதே நரம்பு வாயிலை ஆல்கஹாலும் தூண்டுகிறது. அதனால் 14 விழுக்காடு ஆல்கஹால் உள்ள ஒயின், காரத்தை இன்னும் ஏற்றிவிடும். குறைந்த ஆல்கஹாலும் கொஞ்சம் இனிப்பும் நல்ல புளிப்பும் உள்ள ஒயின் அதைத் தணிக்கும். இந்த மூன்றும் ஒன்றாக அமைவது ஜெர்மனியின் ரீஸ்லிங்கில்.

ரீஸ்லிங் இனிக்குமா இனிக்காதா என்று தெரிந்துகொள்ள ஜெர்மன் மொழி தெரிய வேண்டாம். லேபிளில் ஆல்கஹால் எண்ணைப் பாருங்கள். 8, 9 விழுக்காடு என்றால் திராட்சையின் சர்க்கரை முழுதும் ஆல்கஹாலாக மாறவில்லை, இனிப்பு மிச்சமிருக்கிறது. 12க்கு மேல் என்றால் பெரும்பாலும் இனிப்பில்லாதது. மோசெல் பள்ளத்தாக்கின் ‘கபினெட்’ வகையில் குறைந்த எண் உள்ள ஒரு புட்டி, மீன்தலைக் கறியின் புளிக்கும் காரத்துக்கும் எலுமிச்சைப் பானகம்போல் ஈடுகொடுக்கும்.

வாசனை பிடித்தவர்களுக்கு அல்சாஸ் வட்டாரத்தின் ‘கெவுர்ட்ஸ்ட்ராமினர்’. ரோஜாவும் லைச்சியும் கலந்த மணம். அது எப்படி இருக்கும் என்று கேட்டால், கம்பம் பன்னீர் திராட்சையை நினைத்துக்கொள்ளுங்கள். 2023ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் தேனி மாவட்டத் திராட்சை, ‘மஸ்கட் ஹாம்பர்க்’ என்ற வகை. இத்தாலியின் இனிப்பான ‘மொஸ்காட்டோ’ ஒயினும் அதே மஸ்கட் குடும்பம்தான். கம்பத்துக்காரர்களுக்கு அந்த வாசம் பிறந்த வீட்டு வாசம். கெவுர்ட்ஸ்ட்ராமினரில் ஆல்கஹால் சற்றுக் கூடுதல் என்பதால், மிளகாயைவிடப் பட்டை, கிராம்பு மணக்கும் பிரியாணிக்கு அது பொருந்தும்.

தேங்காய்ப் பால் சேர்த்த சொதி, குருமாவுக்கு ஷெனின் பிளாங் அல்லது மர வாசம் அதிகம் ஏறாத சார்டனே. கொத்தமல்லிச் சட்னி, பச்சை மிளகாய், எலுமிச்சை தூக்கலாக இருக்கும் உணவுக்குச் சோவின்யோன் பிளாங். நண்டு, இறால் எளிமையாக வெந்து வந்தால் ஸ்பெயினின் அல்பரீன்யோ. ஒரே ஒரு விதியை மறக்க வேண்டாம்: உணவில் எவ்வளவு புளிப்போ அவ்வளவு புளிப்பாவது ஒயினிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ரசத்துக்குப் பிறகு அந்த ஒயின் தண்ணீர்போல் ஆகிவிடும்.

புட்டி மேசைக்கு வந்ததும்

திறக்குமுன் லேபிளைக் காட்டுவார்கள். பெயரையும் ஆண்டையும் பாருங்கள். நீங்கள் கேட்ட ஆண்டுக்குப் பதிலாக வேறு ஆண்டு வந்திருந்தால் அப்போதே சொல்லலாம். பிறகு உங்கள் கோப்பையில் கொஞ்சம் ஊற்றிக் காத்திருப்பார்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்காக அல்ல, கெட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்காக. நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் தக்கையில் கோளாறு. சந்தேகம் இருந்தால், “நீங்களும் ஒருமுறை முகர்ந்து பாருங்களேன்” என்று கேளுங்கள். நல்ல இடத்தில் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள்.

திருகுமூடி போட்டிருந்தால் மட்டமானது என்ற எண்ணமும் வேண்டாம். தக்கை வாடையால் நொந்துபோன ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்குத் தயாரிப்பாளர்கள் 2000ல் தங்கள் ரீஸ்லிங்குக்குத் திருகுமூடியை ஒன்றுசேர்ந்து தேர்ந்தெடுத்தார்கள்.

நம் ஊர் வெக்கையில் வெள்ளை ஒயின் கோப்பையில் சீக்கிரம் சூடேறும். பனிக்கட்டியோடு தண்ணீரும் நிறைந்த வாளியைக் கேளுங்கள். வெறும் பனிக்கட்டியைவிட அது வேகமாகக் குளிரவைக்கும். நுரைப்பதற்கு 8 டிகிரி, செறிவான வெள்ளைக்கு 11, 12 டிகிரி போதும். அதற்கும் கீழே போனால் வாசம் ஒளிந்துகொள்ளும்.

மேசையில் எல்லாரும் குடிப்பவர்கள் அல்லர்

கடைசியாகச் சொன்னாலும் இதுதான் முக்கியமானது. எட்டுப் பேரில் மூவர் அருந்தாதவர்களாக இருக்கலாம். சமயம், உடல்நிலை, கர்ப்பம், மருந்து, அல்லது வேண்டாம் என்ற விருப்பம். காரணம் கேட்பது நம் வேலையல்ல. ‘ஒரு வாய் மட்டும்’ என்று வற்புறுத்துவது விருந்தோம்பலில் சேராது. ஒயின் சொல்லும்போதே அவர்களுக்கும் ஆல்கஹால் இல்லாத நல்ல பானத்தைக் கேட்டு, அதே அழகான கோப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். யவனர் தேறலைப் பாடிய தமிழில்தான் திருக்குறளின் 93வது அதிகாரம் ‘கள்ளுண்ணாமை’யும் இருக்கிறது. குடியால் கலங்கிய வீடுகளில் வளர்ந்தவர்கள் நம் மேசையிலேயே இருப்பார்கள். அவர்கள் அதைச் சொல்லாமலும் இருப்பார்கள்.

அளவும் தெரிந்திருக்கட்டும். 12.5 விழுக்காடு ஆல்கஹாலுள்ள ஒயின் 150 மில்லிலிட்டர் ஊற்றினால் அதில் ஏறத்தாழ 15 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. பாதுகாப்பான அளவென்று எதுவுமே இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023ல் சொல்லிவிட்டது. ஒரு புட்டியில் 125 மில்லிலிட்டர் கோப்பை ஆறு வரும். ஐந்து பேருக்கு ஒன்றில் தொடங்குங்கள். இரண்டாவதைப் பிறகு பார்க்கலாம். இருவர் மட்டும் என்றால் அரைப் புட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். கோப்பைக் கணக்கில் வாங்கினால், புட்டி எப்போது திறந்தது என்றும் கேளுங்கள். வாகனமோட்டிக்கு இங்கே சட்ட வரம்பு 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம். கோப்பையை எண்ணி அதைக் கணிக்க முடியாது. கார் வீட்டில் இருக்கட்டும்.

இந்த வட்டாரத்தில் இன்னொன்றையும் நினைக்காமல் இருக்க முடியாது. 2013 டிசம்பர் 8ஆம் தேதி லிட்டில் இந்தியா கலவரத்துக்குப் பிறகு, 2015 ஏப்ரலில் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது. தீவு முழுதும் இரவு 10.30 மணிக்குமேல் பொது இடத்தில் மது அருந்தக்கூடாது. லிட்டில் இந்தியாவில் வார இறுதிகளிலும் பொது விடுமுறைகளிலும் கட்டுப்பாடு இன்னும் கடுமை. ஞாயிற்றுக்கிழமை திடலில் அமரும் ஊழியர் ஒரு பியர் டின்னைத் திறக்க முடியாது. அதே நேரத்தில் சாலைக்கு அந்தப் பக்கம், குளிரூட்டிய அறையில் 300 வெள்ளிப் புட்டியைத் திறக்கலாம். சட்டத்துக்கான காரணங்கள் இருக்கட்டும். ஒயின் தெரிந்திருப்பதால் யாரும் உயர்ந்தவராகிவிடுவதில்லை என்பதற்கு இந்தச் சாலையைவிடச் சிறந்த நினைவூட்டல் வேண்டியதில்லை.

அதனால், புத்தகம் கைக்கு வரும்போது அதை மெதுவாகத் திறங்கள். யாருக்கு என்ன வேண்டும் என்று மேசையைக் கேளுங்கள், என்ன வருகிறது என்று சமையலறையைக் கேளுங்கள், விரலை உங்கள் விலையில் வையுங்கள். மறுநாள் புட்டியின் பெயர் யாருக்கும் நினைவிருக்காது. அந்த மேசையில் தாங்கள் எப்படி நடத்தப்பட்டோம் என்பது எட்டுப் பேருக்கும் நினைவிருக்கும்.